ஆற்றை எந்த வரியில் எழுதுவீர்கள்?
வேளாண் பொருளியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அண்ணாமலை நகரிலும் வேளாண் பொருளியல் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் ஆய்வேட்டுக்காக இப்போது நேரியல் திட்டமிடலில் உகந்த பயிர்த் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நிலம் இவ்வளவு, ஆள் இவ்வளவு, வாய்க்கால் தண்ணீர் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. இதற்குள் எந்தப் பயிரை எத்தனை ஏக்கரில் வைத்தால் நிகர வருமானம் அதிகம் என்பது கேள்வி. நானும் இந்தக் கணக்கில் வளர்ந்தவன்தான். அதில் தண்ணீருக்கு அளவு உண்டு, தரம் கிடையாது. வயலுக்குள் வரும் நீரை ஏக்கர்-அங்குலத்தில் எண்ணுகிறோம். வயலை விட்டு வெளியே போகும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்பதே இல்லை.

அந்தக் கேள்வி உங்கள் மேசைக்கு வரப்போகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-இல் வெளியிட்ட ஆண்டு அறிக்கையில், தமிழ்நாட்டில் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளில் சுமார் 37 விழுக்காட்டில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. ராஜஸ்தான், கர்நாடகத்துக்கு அடுத்த இடம் நமக்கு. சாக்கடையும் கழிவுத் தொட்டியும் இதில் பங்கு வகிக்கின்றன. உரமும் பங்கு வகிக்கிறது. என்றாவது ஒரு நாள் ஒரு அதிகாரி உங்களை அழைத்து, "இந்த ஆற்றுக்கு ஒரு வரம்பு வைக்கப் போகிறோம். விவசாயிக்கு எவ்வளவு நட்டம் வரும், கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்பார். அந்தக் கணக்கை இருபது ஆண்டுகளாகப் போட்டு, அதனால் நீதிமன்றம் ஏறி, சட்டம் மாற்றி, மறுபடியும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டு: நியூசிலாந்து. நீங்கள் கணினியைத் திறப்பதற்கு முன் அங்கே நடந்ததை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் மாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1990-இல் நியூசிலாந்தில் கறவை இன மாடுகள் சுமார் 34 லட்சம். 2014-இல் சுமார் 67 லட்சம். தெற்குத் தீவின் கேன்டர்பரி சமவெளியில் மட்டும் 1990-க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் எண்ணிக்கை பத்து மடங்கானது. ஆடும் கோதுமையும் இருந்த வறண்ட நிலத்தில் பாசன எந்திரங்கள் வந்தன, புல் வந்தது, மாடு வந்தது. அங்கே மாட்டுக்குக் கொட்டகை கிடையாது. பெரும்பாலும் ஆண்டு முழுக்க வெட்டவெளியில் மேய்கிறது. ஒரு மாடு ஒரு தடவை மூத்திரம் பெய்யும் இடம் அரைச் சதுர மீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்தத் துண்டு நிலத்தில் விழும் தழைச்சத்தை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றினால் 500 முதல் 1,000 கிலோ வரை வரும். எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. கோடையில் விழுந்தால் ஒரு பகுதியாவது புல்லுக்குப் போகும். இலையுதிர் காலத்தில் விழுந்தால் புல் தூங்கப் போய்விடும், மழை வந்துவிடும். மிச்சமெல்லாம் நைட்ரேட்டாகி வேருக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு நிலத்தடி நீர், ஓடை, ஆறு, ஏரி என்று அதன் பயணம்.

இந்த ஒரு செய்தி தெரியாதவர் பொருளியல் மாதிரி (model) எழுத உட்கார்ந்தால் "உரத்தைக் குறைத்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் உரம் புல்லாகி, புல் மாட்டுக்குள் போய், மாட்டிலிருந்து குவியலாக ஓரிடத்தில் விழுகிறது. ஆகவே மாட்டின் எண்ணிக்கை, எந்த மாதத்தில் எங்கே நிற்கிறது, எவ்வளவு புரதம் தின்கிறது என்பதெல்லாம் கணக்குக்குள் வந்தாக வேண்டும். பொருளியல் நமக்குக் கற்றுக்கொடுக்காத இந்தப் பகுதியை மண்ணியல்காரர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். சமன்பாடு அப்புறம்.

சரி, அந்தப் பொருளியல் மாதிரி எப்படி வேலை செய்கிறது? எளிய எடுத்துக்காட்டு ஒன்று வைக்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 100 ஹெக்டேர் பண்ணை. கறவை மாடு வைத்தால் ஹெக்டேருக்கு 2,000 டாலர் லாபம், 50 கிலோ நைட்ரஜன் கசிவு. செம்மறி ஆடு என்றால் 500 டாலர், 15 கிலோ. பைன் மரம் என்றால் 200 டாலர், 3 கிலோ. வரம்பு ஏதும் இல்லையென்றால் நூறு ஹெக்டேரிலும் மாடுதான்: 2,00,000 டாலர் லாபம், 5,000 கிலோ கசிவு. இப்போது "3,000 கிலோவுக்கு மேல் கசியக்கூடாது" என்று ஒரு கட்டுப்பாடு போடுங்கள். கணினி சொல்லும் விடை: 57 ஹெக்டேரில் மாடு, 43 ஹெக்டேரில் பைன். லாபம் சுமார் 1,23,400. நட்டம் 38 விழுக்காடு.

இந்த விடையில் ஆடு எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா? மூன்று தலைமுறையாக ஆடு மேய்த்த குடும்பமாக இருந்தாலும் கணினி ஆட்டைத் தொடாமல் நேராக மரத்துக்குத் தாவிவிடுகிறது. மாட்டையும் மரத்தையும் கலந்து வைத்தால் ஆட்டைவிட லாபம் என்பதால். நேரியல் மாதிரியின் பழைய நோய் இது. காகிதத்தில் ஒரே நாளில் நிலம் கைமாறும், மரம் முளைக்கும், ஆடு மறையும். இதைச் சரிசெய்யப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஹோவிட் 1995-இல் ஒரு வழி சொன்னார்: இன்று விவசாயிகள் உண்மையில் என்ன பயிரிடுகிறார்களோ அதையே அடிப்படை ஆண்டின் விடையாகத் தரும்படி செலவுச் சார்பை முதலில் பொருத்திவிட்டு, அதன் பிறகு வரம்பைப் போட்டுப் பார்ப்பது. உங்கள் பாடத்திலும் இது வரும். நியூசிலாந்தில் ஆற்றுப் படுகை முழுவதற்கும் மாதிரி கட்டியவர்களும் இந்தத் தாவலைத் தடுக்க ஏதாவது ஒரு வகையில் கைவைத்தே ஆக வேண்டியிருந்தது.

இப்போது அதே எடுத்துக்காட்டில் இன்னொரு வரி சேருங்கள். மாட்டைச் சற்றுக் குறைத்து, புல்லோடு பிளான்டைன் (plantain) என்ற பூண்டு வகையையும் விதைத்து, ஈரமான நாட்களில் மாட்டைத் தனித் திடலில் கட்டினால், ஹெக்டேருக்கு 1,900 டாலர் லாபம், 40 கிலோ கசிவு என்று வையுங்கள். வரம்பு அதே 3,000 கிலோ. விடை மாறிவிடும்: 73 ஹெக்டேரில் புதுமுறை மாடு, 27 ஹெக்டேரில் மரம், லாபம் சுமார் 1,44,000. நட்டம் 38-லிருந்து 28 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஆறு அப்படியே இருக்கிறது, சட்டம் அப்படியே இருக்கிறது. அட்டவணையில் ஒரு வரி கூடியதால் "விவசாயிக்கு வரும் நட்டம்" பத்துப் புள்ளி குறைந்துவிட்டது. அந்த வரியைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் கையில். மாதிரி கட்டுகிறவர் கைக்கு வரும் அதிகாரம் இவ்வளவு பெரியது.

நிழல் விலையையும் கவனியுங்கள். முதல் கணக்கில் வரம்பை ஒரு கிலோ தளர்த்தினால் கிடைக்கும் லாபம் 38 டாலர். இரண்டாவது கணக்கில் அது 46 டாலர். மொத்த நட்டம் குறைகிறது, ஆனால் கடைசிக் கிலோவின் விலை ஏறுகிறது. ஏனென்றால் மலிவான வழியெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது நிலத்தையே மாற்றும் வழிதான். உண்மைப் பண்ணைகளிலும் இதே வடிவம்தான் வந்தது: தொடக்கத்தில் குறைப்பது எளிது, மேலே போகப் போகச் செங்குத்து. வரம்பை எதிர்ப்பவர் கடைசிக் கிலோவின் விலையை எல்லாக் கிலோவாலும் பெருக்கி மேடையில் சொல்வார். ஆதரிப்பவர் முதல் கிலோவின் விலையைப் பெருக்கிச் சொல்வார். நீங்கள் வளைகோடு முழுவதையும் வரைந்து கொடுங்கள்.

அடுத்து விலை. நியூசிலாந்தின் பால் கூட்டுறவு நிறுவனமான ஃபான்டெரா 2013-14 பருவத்தில் பால் திடப்பொருள் கிலோவுக்கு 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது. அடுத்த பருவம் 4.40. அதற்கடுத்தது 3.90. இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே. 8.40 விலையை வைத்து ஓட்டிய மாதிரியில் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனும் பொன். குறைக்கச் சொன்னால் பேரிழப்பு. 3.90-ஐ வைத்து ஓட்டினால் பல பண்ணைகளில் கடைசி மாடுகள் நட்டத்தில் நிற்கின்றன. அவற்றைக் குறைத்தால் லாபம்கூட வரலாம். ஆற்றின் வரம்பு இருபது, முப்பது ஆண்டுக்கு நிற்க வேண்டியது. அதன் செலவை ஓராண்டுப் பால் விலையில் அளந்து அறிக்கையின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுவது பெரும் பிழை. நம் மஞ்சள் விலையும் வெங்காய விலையும் எப்படி ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது மூன்று விலையில் ஓட்டுங்கள். மூன்று விடையையும் ஒரே அட்டவணையில் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

இதுவரை சொன்னது கைத்தொழில். இனிச் சொல்வதுதான் என் மனதை அழுத்துகிற பகுதி.

வடக்குத் தீவின் நடுவே டவுப்போ ஏரி இருக்கிறது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு, அடி தெரியும் தெளிந்த நீர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம் கூடக் கூட ஏரியில் நைட்ரஜன் ஏறத் தொடங்கியது. வைக்காட்டோ வட்டார மன்றம் 2005-இல் ஒரு விதியை முன்மொழிந்தது. சுற்றுச்சூழல் நீதிமன்றம் வரை போய் 2011-இல் நிலைபெற்றது. மொத்தக் கசிவுக்கு உச்சவரம்பு. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் ஒதுக்கீடு. ஒதுக்கீட்டை விற்கலாம், வாங்கலாம். மனிதரால் கட்டுப்படுத்தக்கூடிய கசிவில் 20 விழுக்காட்டைக் குறைக்க நடுவண் அரசும் வட்டார மன்றமும் மாவட்ட மன்றமும் சேர்ந்து சுமார் 8 கோடி டாலர் நிதி போட்டன. ஓர் அறக்கட்டளை அந்தப் பணத்தில் நிலத்தையும் ஒதுக்கீட்டையும் வாங்கி மரத்துக்கு மாற்றி 2015-க்குள் இலக்கை எட்டியது. பொருளியல் நூல்களில் எழுதியிருப்பது கண்முன் நடந்தேறிய அரிய இடம் அது. பொருளியலாளர் ஜே. எச். டேல்ஸ் 1968-இல் ஒன்டாரியோவின் ஏரிகளை மனதில் வைத்து எழுதிய, மாசு உரிமையை வாங்கி விற்கும் யோசனை, ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்து நியூசிலாந்து ஏரிக்கரையில் பண்ணைக் கசிவுக்கே செயலுக்கு வந்தது.

ஆனால் ஒதுக்கீட்டை எப்படிப் பிரித்தார்கள்? 2001 முதல் 2005 வரை யார் எவ்வளவு கசியவிட்டார்களோ, அதில் உச்சமான ஆண்டை எடுத்து அதையே அவர்களுக்கு உரிமையாக்கினார்கள். நிறைய மாடு வைத்தவருக்கு நிறைய உரிமை. ஏரியைத் தம் அருஞ்செல்வமாகக் கருதும் ஙாட்டி டூஃபாரெட்டோவா மாவோரி மக்களின் நிலத்தில் பெரும்பகுதி காடாகவும் மேம்படுத்தப்படாத நிலமாகவும் இருந்தது. ஏரியைக் கெடுக்காத நிலம். அதற்குக் கிடைத்த ஒதுக்கீடோ சொற்பம். நாளைக்கு அவர்கள் பண்ணை வைக்க நினைத்தால் மாடு வைத்தவரிடமிருந்து உரிமையை வாங்கித்தான் வைக்க வேண்டும். இதை அவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் முழு நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

பொருளியல் பாடம் இந்த இடத்தில் நமக்கு ஓர் ஆறுதல் சொல்லும்: சந்தை சரியாக நடந்தால் ஒதுக்கீட்டைத் தொடக்கத்தில் யாருக்குக் கொடுத்தாலும் இறுதியில் நிலப் பயன்பாடு ஒன்றாகத்தான் வந்து நிற்கும் என்று. மாதிரியிலும் அப்படித்தான் வரும். மொத்த லாபம் ஒரே எண். அந்த எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதினால் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார் என்பது மறைந்துபோகும். மொத்தத்தைக் கூட்டும்போது காணாமல் போவது பெரும்பாலும் எளியவரின் பங்கு. ஆகவே படுகைக்கு ஒரு எண் என்று நிறுத்தாமல், சிறு விவசாயி, பெரு விவசாயி, குத்தகைக்காரர், கூலியாள், கீழ்மடைக்காரர், மீன்பிடிப்பவர் என்று வரி வரியாக எழுதுங்கள்.

அதே தீவின் தென்மேற்கில் மனவாட்டு படுகையில் வேறு வழியை எடுத்தார்கள். யார் முன்பு எவ்வளவு கசியவிட்டார் என்று பார்க்காமல், மண்ணின் வளத் தகுதியைப் பார்த்து ஒதுக்கினார்கள். நிலத்தை எட்டு வகுப்பாகப் பிரித்து, முதல் வகுப்பு நிலத்துக்கு முதலாண்டில் ஹெக்டேருக்கு 30 கிலோ, இருபதாம் ஆண்டில் 25. ஆறாம் வகுப்புக்கு முதலில் 15, பிறகு 10. எட்டாம் வகுப்புக்கு 2. நல்ல மண்ணில் நல்ல வேளாண்மை நடக்கட்டும், சரிவும் சரளையுமான நிலத்தில் மாட்டை ஏற்றாதீர்கள் என்பது உட்பொருள். என் மனம் இந்த முறையின் பக்கம்தான் சாய்கிறது. பழைய கசிவுக்குப் பரிசு கொடுக்காத முறை இது.

ஆனால் அந்த அழகான அட்டவணைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஒரு பண்ணையிலிருந்து எத்தனை கிலோ கசிகிறது என்பதை யாரும் வயலில் அளக்க முடியாது. ஓவர்சியர் என்ற மென்பொருள்தான் கணக்கிட்டுச் சொல்லும். அட்டவணையின் எண்கள் அந்த மென்பொருளின் ஐந்தாம் பதிப்பை வைத்து எழுதப்பட்டவை. மென்பொருளோ பதிப்புக்குப் பதிப்பு மாறியது. புதிய பதிப்பில் அதே பண்ணை, அதே மாடு, அதே மழை, ஆனால் கசிவு எண் எகிறியது. நேற்றுவரை வரம்புக்குள் இருந்தவர் ஒரே இரவில் சட்டத்தை மீறியவர் ஆனார். அந்த வட்டாரத்தின் மன்றம் விதியைத் தளர்த்தி உரிமம் கொடுக்கத் தொடங்க, மீனவர் அமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் வழக்குப் போட, மன்றம் தன் திட்டத்தைத் தானே சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2017-இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன் 2018 டிசம்பரில் ஓவர்சியரைப் பற்றித் தனி அறிக்கை எழுதி, உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாமல் இதை ஒழுங்குமுறைக்குப் பயன்படுத்துவது எப்படி என்று கேட்டார். 2021 ஆகஸ்டில் அரசு அமர்த்திய அறிவியல் குழு, பண்ணை நடைமுறையை மாற்றும்போது கசிவு கூடுகிறதா குறைகிறதா என்பதை இந்த மாதிரி சரியாகச் சொல்லும் என்று நம்ப முடியவில்லை என்றே எழுதிவிட்டது.

நினைத்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாகப் பொருளியல் மாதிரிகள் எல்லாம் அந்தக் கசிவு எண்ணின் மேல்தான் கட்டப்பட்டிருந்தன. என் எடுத்துக்காட்டில் 50, 15, 3 என்று எழுதினேனே, அந்த மூன்று எண்களும் எங்கிருந்தோ வர வேண்டும். லாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம். கசிவை இன்னொரு மாதிரியிடம்தான் கேட்க வேண்டும். வேருக்குக் கீழே இறங்கியதில் எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேர்கிறது என்பது அதற்கும் மேல் ஓர் ஊகம். வழியில் ஈரமண்ணில் கொஞ்சம் வாயுவாகி மறையும், அது இடத்துக்கு இடம் மாறும். இப்படி ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கிவிட்டு, முடிவை மட்டும் கடைசி டாலர் வரை துல்லியமாக அச்சிடுகிறோம். அந்தத் துல்லியம் படிப்பவரை ஏமாற்றும். வீச்சாக எழுதுங்கள். "இத்தனையிலிருந்து இத்தனைக்குள்" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள்.

அதற்காக மாதிரியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதிரி இல்லாத இடத்தில் முடிவை யார் எடுக்கிறார் என்று பாருங்கள்: சத்தமாகப் பேசுகிறவர். வைக்காட்டோ ஆற்றுப் படுகையில் மாதிரி ஒரு பெரிய வேலையைச் செய்தது. 2010-இல் வந்த ஒரு சட்டம், அந்த ஆற்றின் முழு நீளத்திலும் மக்கள் பாதுகாப்பாக நீந்தவும் உணவு எடுக்கவும் முடிய வேண்டும் என்ற இலக்கை வைத்தது. அந்த ஆறு தம் மூதாதை என்று சொல்லும் வைக்காட்டோ-டைனுயி மக்களுடன் அரசு செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு அது. இலக்கை அடைய என்ன ஆகும் என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, தெரிந்த எல்லாச் சீர்திருத்தங்களையும் எல்லாப் பண்ணைகளும் செய்தாலும் போதாது, நிலப் பயன்பாடே பெரிய அளவில் மாற வேண்டும் என்று தெரியவந்தது. கூடிப் பேசிய குழு எண்பது ஆண்டுப் பாதையை ஏற்றது. முதல் பத்தாண்டில் பத்திலொரு பங்கு தூரம். 2016-இல் அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்பது ஆண்டு என்பது நீண்ட காலம், என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. ஆனால் இலக்கை யாரும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செலவைப் பார்த்துக் காலத்தை நீட்டினார்கள். ஆற்றின் தரத்தைப் பேரம் பேசவில்லை.

டவுப்போவிலும் இதே நேர்மை இருந்தது. 2001-இல் இருந்த நீரின் தரத்தை 2080-இல் மீட்பது என்பது இலக்கு. ஏன் அவ்வளவு தாமதம்? பல பத்தாண்டுக்கு முன் மண்ணில் இறங்கிய நைட்ரேட் இன்னும் நிலத்தடியில் ஏரியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. இன்று எல்லா மாட்டையும் அகற்றினாலும் வரவேண்டியது வந்தே தீரும். ஓராண்டு லாபத்தை உச்சமாக்கும் மாதிரியில் இந்தத் தாமதத்துக்கு இடமே இல்லை. தள்ளுபடி விகிதம் போட்டால் இன்னும் மோசம்: 2080-இன் தெளிந்த நீருக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். தாத்தா செய்ததைப் பேரன் குடிக்கிறான் என்பதைத் தள்ளுபடி விகிதம் அழித்துவிடுகிறது. உங்கள் ஆய்வேட்டில் அந்த விகிதத்தை எடுக்கும்போது ஒரு பத்தியாவது எழுதி நியாயப்படுத்துங்கள். "வழக்கமாக எடுப்பது" என்பது நியாயம் ஆகாது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொரு மாதிரியிலும் குறிக்கோள் என்று ஒன்று இருக்கிறது, கட்டுப்பாடு என்று சில இருக்கின்றன. லாபத்தைக் குறிக்கோளில் வைத்து ஆற்றின் வரம்பைக் கட்டுப்பாட்டில் வைத்தால், "ஆற்றை இந்தத் தரத்தில் காத்துக்கொண்டு எவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று கேட்கிறோம். லாபத்தில் இவ்வளவுக்கு மேல் குறையக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக் கசிவைக் குறைக்கச் சொன்னால், "சம்பாத்தியத்தைத் தொடாமல் ஆற்றுக்கு எவ்வளவு மிச்சம் விடலாம்" என்று கேட்கிறோம். கணிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆற்றுக்கு ஒன்றல்ல. எந்த வரியில் எதை எழுதுவது என்பது அரசியலும் அறமும் சேர்ந்த முடிவு. அதைக் கணினி எடுத்ததுபோல் எழுதக்கூடாது.

நியூசிலாந்து இந்த வரிசையையே சட்டத்தில் எழுதிப் பார்த்தது. 2020-இன் தேசிய நன்னீர்க் கொள்கை, முதலில் நீரின் நலம், அடுத்து மக்களின் குடிநீர் போன்ற அடிப்படைத் தேவை, அதற்குப் பிறகே பொருளாதாரம் என்று படிநிலை வைத்தது. மாவோரி மொழியில் இதன் பெயர் தே மானா ஓ தே வாய். ஆற்றில் நைட்ரேட்-நைட்ரஜனின் அடிவரம்பு 2014-இல் லிட்டருக்கு 6.9 மில்லிகிராம் என்று இருந்தது, 2020-இல் 2.4 ஆக இறங்கியது. அறிவியல் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினர் கரைந்த நைட்ரஜனுக்கு 1 மில்லிகிராம் வேண்டும் என்றார்கள். பொருளாதாரச் செலவு பெரிதாகப் பேசப்பட்டது. அந்த 1 மில்லிகிராம் வரம்பு சட்டத்தில் ஏறவில்லை. பிறகு ஆட்சி மாறி, 2024-இல் உரிம விண்ணப்பங்களில் அந்தப் படிநிலையைக் காட்டத் தேவையில்லை என்று திருத்தினார்கள். இந்த வாதங்களில் எல்லாம் வரம்பின் செலவுக்கணக்குப் பல பக்கம் இருந்தது. அழுக்கான ஆற்றால் வரும் செலவுக்கு அதே அளவு பக்கமோ அதே அளவு கவனமோ இருந்ததில்லை. துப்புரவின் செலவை எண்ணுவது எளிது, பால் விலை இருக்கிறது. நீந்த முடியாத கோடையை, விலாங்கு மீன் இல்லாத ஓடையை, ஊர்க் கிணற்றுக்கு வடிகட்டி வைக்கும் செலவை எண்ண ஆள் இல்லை. எண்ணாததைச் சுழி என்று படிப்பதே மேசைக்கு மேசை நடக்கும் அநீதி.

இங்கே அலகைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. மேலே சொன்ன 2.4 என்பது நைட்ரஜன் கணக்கு. நம் குடிநீர் வரம்பான 45 என்பது நைட்ரேட் கணக்கு. நைட்ரஜனுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10. ஆற்றில் மீனும் பூச்சியும் நலமாக வாழ வேண்டுமென்றால் வேண்டிய வரம்பு மனிதர் குடிக்கும் வரம்பைவிட நான்கு மடங்கு கடுமையானது. "குடிக்கத் தகுந்தது" என்ற முத்திரையால் ஆறு உயிரோடு இருந்துவிடாது.

நம் ஊருக்கு இவற்றை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே ஒரு பண்ணை நூற்றுக்கணக்கான ஹெக்டேர். தமிழ்நாட்டில் சராசரி உடைமை 2015-16 கணக்கெடுப்பில் முக்கால் ஹெக்டேர். ஒவ்வொரு உடைமைக்கும் ஒதுக்கீடு கொடுத்து, மென்பொருளில் ஏற்றி, சந்தை நடத்துவது நடவாத காரியம். நம் தழைச்சத்து வருவதும் வேறு வழியில்: யூரியாவிலிருந்து, கோழிப் பண்ணை எருவிலிருந்து, ஊர்ச் சாக்கடையிலிருந்து. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, இரண்டு கைப்பிடி கூடப் போடுகிற விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விலையை அப்படி வைத்தது அரசு; குறைத்துப் போட்டால் மகசூல் போகுமோ என்ற அச்சம் அவருடையது, அந்த அச்சத்தை ஏற்க யாரும் இல்லை. நம் மாதிரியில் முதலில் வர வேண்டிய வரி அந்த அச்சத்தின் விலைதான்: உரத்தைக் குறைத்து மகசூல் இழந்தால் யார் ஈடு கட்டுவார்? அதற்குக் காப்பீடு வைத்தால் எவ்வளவு ஆகும்? மானியத்தின் ஒரு பகுதியை அதற்குத் திருப்பினால் போதுமா? இந்தக் கேள்விக்கு நல்ல கணக்கொன்றை உங்களில் ஒருவர் போட்டுக் கொடுத்தால் அது பல ஆய்வேடுகளுக்குச் சமம்.

நியூசிலாந்து ஆற்றுக்கு வரம்பு எழுதும் நேரத்தில் மாடு இரட்டிப்பாகிவிட்டது, கடன் ஏறிவிட்டது, நிலத்தின் விலையே "கசியவிடலாம்" என்ற நம்பிக்கையில் உயர்ந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு கிலோவும் அங்கே போராட்டம் ஆயிற்று. நமக்கு வயலிலிருந்து வரும் நைட்ரேட்டுக்கு இன்னும் வரம்பே இல்லை. சட்டத்துக்கு முன்னால் கணக்கு வரப்போகும் இடம் இது. அந்தக் கணக்கை எழுதப்போவது நீங்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்து ஆய்வேட்டில், உங்கள் பயிர்த் திட்ட அட்டவணையில் நிலம், ஆள், தண்ணீர், பணம் என்ற வரிகளுக்குக் கீழே "நைட்ரேட்" என்று ஒரு வரி சேருங்கள். தரவு இல்லை என்று வழிகாட்டி சொன்னால், ஆய்வு செய்யும் ஊரிலேயே உரம் போட்டு மழை பெய்த பிறகு நான்கு கிணற்றிலும் ஒரு வாய்க்காலிலும் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வந்த எண்ணை அந்த வரியில் எழுதுங்கள். மாதிரியை ஓட்டி முடித்ததும், அனுமானங்கள் எழுதிய பக்கத்தைத் தமிழில் அச்சடித்து அந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திவிட்டுப் பிறகு சமர்ப்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த மாணவன் ஒருவன்